இலத்திரன் சிதறலும் வெப்பமின் வலுவும்

வெப்பம் ஒரு பொருளினூடே பாயும்போது அதனோடு மின்னும் பாயக்கூடும் என்பது இருநூறு ஆண்டுகளாக அறியப்பட்ட செய்தியாகும். 1821 ஆம் ஆண்டிலே, பேர்லின் நகரில், தோமசு யோகான் சீபெக் என்பார் பிசுமது, செம்பு என்னும் இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு சந்தியை மாத்திரம் சூடாக்கியபொழுது அருகிலிருந்த காந்தவூசி திரும்பக் கண்டார். வெப்பம் நேரே காந்தத்தைப் பிறப்பிக்கின்றது என்றே அவர் கருதினார். வளையத்தில் மின்னோட்டம் எழுந்து அவ்வோட்டமே ஊசியைத் திருப்பியது என்னும் விளக்கத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. 'வெப்பமின்' என்ற பெயரை இட்டவர் தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்செட் ஆவார். கண்டவர் ஒருவர், பொருள் விளங்கியவர் வேறொருவர் என்பது விஞ்ஞான வரலாற்றிற் புதுமையன்று. ஐந்தாண்டுகளின் பின், 1826 இல், ஓம் என்பார் தமது பெயரால் வழங்கும் விதியை நிறுவுதற்கு இத்தகைய வெப்பவிணையையே மாறாத மின்மூலமாகப் பயன்படுத்தினார். அக்காலத்து மின்கலங்கள் நிலையான ஓட்டத்தைத் தராமையே அதற்குக் காரணம்.

இவ்விளைவு அளவீட்டுக்கு உதவிய அளவுக்கு வலுவைப் பிறப்பித்தற்கு உதவவில்லை. உலோகங்களில் வெப்பநிலை ஒரு பாகை வேறுபட்டாற் பிறக்கும் அழுத்தம் சில மைக்கிரோ உவோற்று முதற் சில பத்து மைக்கிரோ உவோற்று வரையே ஆகும். குறைகடத்திகள் வந்த பின்னரே நிலைமை மாறியது. இலெனின்கிராட் நகரில் ஆராய்ச்சி செய்த அப்ராம் யோபே இத்துறையிற் பெரும்பணி புரிந்தவர். மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டினாலே வானொலிப் பெட்டியை இயக்கும் கருவிகள் இரண்டாம் உலகப் போரையடுத்து, மின்வசதியற்ற சோவியத்துக் கிராமங்களிற் பயன்பட்டன. 1977 இல் ஏவப்பட்ட வொயேசர் விண்கலங்கள் இரண்டும் புளுத்தோனியத்தின் கதிர்ப்பு வெப்பத்தைச் சிலிக்கன்-சேர்மானியம் என்னும் கலப்புப் பொருளாலே மின்னாக மாற்றி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தி அனுப்பியுள்ளன. அசையும் உறுப்பு எதுவும் இல்லாமையே இக்கருவிகளின் தனிச்சிறப்பு. தேய்வதற்கும் எண்ணெயிடுவதற்கும் அங்கே ஒன்றுமில்லை.

எனினும் இவற்றின் திறன் மிகக் குறைவு. ஒரு பொருள் வெப்பமின் ஆக்கத்துக்கு எவ்வளவு ஏற்றது என்பதைத் தகுதியெண் என்னும் ஓர் எண் உணர்த்தும். சீபெக் குணகத்தின் வர்க்கத்தை மின் கடத்துதிறனாலும் தனிவெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துதிறனால் வகுக்க வருவதே அவ்வெண். அறை வெப்பநிலையில் 1954 முதல் ஆராயப்பட்டு வரும் பிசுமது தெலூரைட்டு வகைப் பொருள்களுக்கு இது ஏறத்தாழ 1 ஆகும். சூடான பக்கம் 400 கெல்வின், குளிர்ந்த பக்கம் 300 கெல்வின் எனக் கொண்டால், கார்னோவின் விதி அனுமதிக்கும் உச்சத்திறன் 25 வீதம். தகுதியெண் 1 ஆகவுள்ள பொருள் அதில் ஐந்திலொரு பங்கையும் எட்டாது; 5 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே தரும்.

தகுதியெண்ணை உயர்த்துவது எளிதன்று. மின் கடத்துதிறன் கூடவேண்டுமாயின் இலத்திரன்கள் மிகவேண்டும். இலத்திரன்கள் மிகுந்தாற் சீபெக் குணகம் குறையும். அன்றியும், மின்னைச் சுமக்கும் இலத்திரனே வெப்பத்தையும் சுமப்பதால், ஒன்று கூட மற்றொன்றும் கூடுகின்றது. உலோகங்களில் இவ்விரண்டும் ஒரே விகிதத்தில் நிற்பதை 1853 இலேயே விடமன், பிரான்சு என்னும் இருவர் கண்டறிந்தனர். மூன்று கணியங்களும் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் இந்த முடிச்சை அவிழ்க்கவேண்டுமாயின், அவை மூன்றுக்கும் அடியில் உள்ள ஒரே நிகழ்ச்சியை ஆராய வேண்டும். அதுவே இலத்திரன் சிதறல் ஆகும்.

ஒழுங்கு குன்றாத ஒரு பளிங்கில் இலத்திரன் அலையாகப் பரவும். அணுக்கள் நிரல்பட நிற்குமாயின் அவை அதனைத் தடுப்பதில்லை. ஒழுங்கு குலைந்த இடத்திலேதான் அலை திசைமாறுகின்றது. வேற்றணு ஒன்று மாசாகப் புகுந்திருக்கலாம். வெப்பத்தால் அணுக்கள் அதிர்ந்து கொண்டிருக்கலாம். பளிங்கின் எல்லையே குறுக்கிடலாம். மற்றோர் இலத்திரனே எதிர்ப்படலாம். இவையெல்லாம் சிதறல் எனப்படும். இவற்றுள் மாசும் எல்லையும் பெரும்பாலும் இலத்திரனின் திசையை மாற்றுமேயன்றி அதன் சக்தியை மாற்றுவதில்லை. இவை மீள்தன்மைச் சிதறல்கள். சாலகத்தின் அதிர்வோடு மோதும் இலத்திரனோ சக்தியைக் கொடுக்கவும் கொள்ளவும் செய்யும். அவ்வதிர்வின் சக்திச் சொட்டுக்குப் போனன் என்பது பெயர். இத்தகைய சிதறல் மீள்தன்மையற்றது. இவ்வேறுபாடு பின்னர் மிக வேண்டப்படும்.

மின்தடையின் காரணம் சிதறலே எனப் பாடநூல்கள் கூறும். அக்கூற்றை மட்டும் கொண்டு நோக்குவோர், சிதறல் முற்றும் ஒழிந்தால் வெப்பமின் கருவி மிகச் சிறந்ததாகும் என எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது.

ஒரு கடத்தியின் இடப்பக்கம் சூடான இலத்திரன் களஞ்சியமும் வலப்பக்கம் குளிர்ந்த களஞ்சியமும் இருப்பதாகக் கொள்க. இரண்டிலும் இலத்திரன்கள் பெர்மி மட்டம் எனப்படும் சக்தி அளவுவரை நிரம்பியுள்ளன. தனிவெப்பநிலைப் பூச்சியத்தில் அந்நிரம்பலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோற் கூராக இருக்கும். வெப்பநிலை ஏற ஏற விளிம்பு மழுங்கும். மட்டத்துக்குக் கீழிருந்த சில இலத்திரன்கள் மேலேறும். அவை விட்ட இடங்கள் கீழே வெறுமையாகும். ஆகவே பெர்மி மட்டத்துக்கு மேலே நோக்கினால், சூடான பக்கத்திலேதான் இலத்திரன்கள் மிகுதி. அங்கே ஓட்டம் சூட்டிலிருந்து குளிருக்குச் செல்லும். மட்டத்துக்குக் கீழே நோக்கினாலோ, சூடான பக்கத்தில் வெற்றிடங்கள் மிகுதி. குளிர்ந்த பக்கத்து இலத்திரன்கள் அவற்றை நிரப்ப எதிர்த்திசையிற் செல்லும். கடத்தி எல்லாச் சக்திகளையும் உடைய இலத்திரன்களையும் ஒரேவகையாகக் கடக்கவிடுமாயின், இவ்விரண்டு ஓட்டங்களும் சரிக்குச் சரியாகி ஒன்றையொன்று அழித்துவிடும். வெப்பம் மட்டும் பாயும், மின் பிறவாது. சிதறலே இல்லாத கடத்தி, வெப்பத்தை வீணே ஒழுகவிடும் ஓட்டைப் பாத்திரம்போன்றது.

மின் பிறக்கவேண்டுமாயின் மேலோட்டமும் கீழோட்டமும் சமமாகாதிருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றைக் கடக்கவிட்டு மற்றதைத் திருப்பியனுப்ப வல்லது எதுவோ அதுவே வலுவைப் பிறப்பிப்பது. சக்திக்கேற்ப வேறுபடும் சிதறல் அவ்வேலையைச் செய்கின்றது. அரிசியையும் உமியையும் காற்று ஒரே அளவில் தள்ளுமாயிற் சுளகினாற் பயன் இல்லை. பாரத்துக்கேற்ப வேறுபட்டுத் தள்ளுவதாலேதான் தூற்றல் நடைபெறுகின்றது.

இயற்கையில் இத்தெரிவு ஓரளவு தானே அமைந்திருக்கின்றது. மின்னேற்றம் பெற்ற மாசணு ஒன்று, விரைந்து செல்லும் இலத்திரனைக் காட்டிலும் மெல்லச் செல்லும் இலத்திரனையே பெரிதும் திருப்பும். பொன் தகட்டின்மேல் அல்பாத் துணிக்கைகளை எறிந்து றதபோட் கண்ட சிதறலிலும் இதே தன்மை உண்டு. எனவே அத்தகைய மாசுகள் தாழ்ந்த சக்தியுடையவற்றைத் தடுத்து உயர்ந்தவற்றைக் கடக்கவிட்டுச் சீபெக் குணகத்தைச் சற்றுக் கூட்டும். ஆனால் அதே மாசுகள் மொத்தக் கடத்துதிறனைக் குறைக்கவும் செய்யும். கையாற் கொடுத்துக் கையாற் பறிக்கும் இவ்வியாபாரம் பருமனான பொருள்களிற் பல ஆண்டு நடந்தது. சீபெக் குணகம் என்பது பெர்மி மட்டத்தினருகே கடத்துதிறன் சக்தியோடு எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதன் அளவே என்னும் உண்மையை மொற் என்பாரின் சமன்பாடு தெளிவாகக் காட்டிற்று. அதன்பின் கேள்வி திருந்திய வடிவம் பெற்றது: சிதறலை எவ்வளவு குறைக்கலாம் என்பதன்று, எச்சக்தியில் அதனை வைக்கலாம் என்பதே கேள்வி.

நிற்க, நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு பொருளை அவ்வளவுக்குச் சிறிதாக்கும்போது புதிய வசதி ஒன்று கிடைக்கின்றது. மாசூட்டிய சிலிக்கனில் இலத்திரன் ஒன்று இரண்டு மோதல்களுக்கிடையே செல்லும் தூரம் சில நனோமீற்றரே. அதே சிலிக்கனில் வெப்பத்தைச் சுமக்கும் போனன்களிற் பெரும்பாலானவை நூறு நனோமீற்றருக்கும் அப்பாற் செல்லவல்லவை. ஆகவே 50 நனோமீற்றர் அளவுள்ள கம்பி ஒன்று போனன்களுக்கு ஒடுங்கிய சந்து. இலத்திரன்களுக்கோ அகன்ற வீதி. கலிபோர்ணியாவில், பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2008 இல் வெளியிட்ட முடிவு இதனை நன்கு நிறுவியது. மேற்பரப்பைக் கரடுமுரடாக்கிய அத்தகைய சிலிக்கன் கம்பிகளில் வெப்பக் கடத்துதிறன் ஏறக்குறைய நூறிலொரு பங்காக வீழ்ந்தது. மின் கடத்துதிறன் அந்த அளவுக்குக் கெடவில்லை. பருமனான சிலிக்கனிற் தகுதியெண் 0.01 அளவே, கம்பியிலோ அறை வெப்பநிலையில் அது 0.6 ஆயிற்று. அதே ஆண்டில் பொசுத்தன் கல்லூரியினரும் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தினரும் பிசுமது-அந்திமனி-தெலூரியக் கலப்பை நுண்டூளாக அரைத்து மீண்டும் அழுத்தி, 100 பாகை செல்சியசில் 1.4 என்னும் தகுதியெண்ணைப் பெற்றனர். அங்கும் மணிகளின் எல்லைகளே போனன்களைச் சிதறச் செய்தன.

இவ்விடத்திற் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1993 இல் ஹிக்சும் மில்டிரெட் டிரெசெல்ஹௌசும், பொருளை மென்படலமாகவோ நுண்கம்பியாகவோ ஆக்கினால் இலத்திரன்களின் சக்திநிலைகள் ஒடுங்கித் தகுதியெண் பெரிதும் உயரும் எனக் கணித்தனர். இத்துறைக்குப் புத்துயிர் அளித்தது அக்கணிப்பே. ஆயினும் பின்வந்த வெற்றிகளிற் பெரும்பாலானவை இலத்திரன் வழியாக வாராது, போனன் சிதறல் வழியாகவே வந்தன. காட்டிய பாதை ஒன்று. நடந்த பாதை வேறொன்று. போனனை அடக்குவதற்கும் ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையை அடைந்தபின் எஞ்சி நிற்பது இலத்திரனே சுமக்கும் வெப்பம். அதனைக் குறைப்பதற்கு மீண்டும் இலத்திரன் சிதறலையே நாடவேண்டும்.

கருவி மிகச் சிறிதாகி, அதன் நீளம் இலத்திரனின் மோதற்றூரத்திலும் குறைந்தால், கடத்துதிறன் என்னும் பழைய எண்ணமே பொருந்தாதாகும். அந்நிலையில் 1957 இல் லண்டாவர் வகுத்த நோக்கே பயன்படும். கருவி முழுவதையும் ஒரே சிதறலியாகக் கொண்டு, குறித்த சக்தியோடு வந்த இலத்திரன் அதனைக் கடந்து செல்லும் நிகழ்தகவு யாது எனக் கேட்பதே அந்நோக்கு. அந்நிகழ்தகவு சக்தியோடு எவ்வாறு மாறுகின்றது என்பதை ஒரு வளைகோடாக வரைந்தால், அவ்வளைகோட்டிலிருந்தே மின்னோட்டம், வெப்பவோட்டம், வலு, திறன் என்னும் நான்கையும் கணிக்கலாம். பொருளின் பெயரையும் அறியவேண்டியதில்லை. மாணவர் இதன் எளிமையை வியத்தல் தகும்.

அவ்வளைகோடு எவ்வடிவில் இருத்தல் நன்று? 1996 இல் மாகன், சோபோ என்னும் இருவர், ஒரே ஒரு சக்தியில் மாத்திரம் கடக்கவிட்டு ஏனையவற்றையெல்லாம் திருப்பிவிடும் ஊசிமுனை போன்ற வடிவே தகுதியெண்ணுக்கு மிகச் சிறந்தது எனக் காட்டினர். அச்சக்தி, பெர்மி மட்டத்திலிருந்து வெப்பச் சக்தியின் ஏறத்தாழ 2.4 மடங்கு தூரத்தில் இருத்தல் வேண்டும். போல்சுமானின் மாறிலியை இலத்திரனின் ஏற்றத்தால் வகுத்தாற் பாகைக்கு 86 மைக்கிரோ உவோற்று வரும், அதனை 2.4 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 207. பிசுமது தெலூரைட்டின் சீபெக் குணகமும் இருநூறை அடுத்தே நிற்பது கருதத்தக்கது.

ஒரே சக்தியில் நிகழும் கடத்தலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் இடையே அழுத்தத்தைத் தக்கவாறு அமைத்தால், அச்சக்தியில் இரு களஞ்சியங்களின் நிரம்பலும் சமமாகும். அப்போது இலத்திரன் எத்திசையிலும் மீளத்தக்கவாறு செல்லும். திறன் கார்னோவின் எல்லையையே தொடும். இதனை 2002 இல் அம்பிரி, லிங்கே முதலியோர் எடுத்துக்காட்டினர். 2018 இல், சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர், நுண்கம்பி ஒன்றினுள்ளே இலத்திரன் அடைபடும் புள்ளி ஒன்றை அமைத்து, கார்னோவின் எல்லையில் 70 வீதத்துக்கு மேற்பட்ட திறனைப் பரிசோதனையிலே கண்டனர். ஆனால் சமநிலையிலுள்ள துலாவில் தட்டு அசைவதில்லை. நிரம்பல்கள் முற்றிலும் சமமாகும் அக்கணத்தில் ஓட்டமும் பூச்சியம், வலுவும் பூச்சியம். திறனை மட்டும் விரும்பினால் வலுவை இழக்க நேரும்.

வலுவை விரும்பினால் எவ்வடிவு வேண்டும் என்பதை 2014 இல் விற்னி என்பார் ஆராய்ந்தார். உச்ச வலுவுக்கு, குறித்த ஒரு சக்திக்கு மேற்பட்ட இலத்திரன்களையெல்லாம் விட்டு, கீழ்ப்பட்டவற்றையெல்லாம் மறிக்கும் படிக்கட்டு வடிவே வேண்டும். இடைப்பட்ட வலுவுக்கு, மேலும் கீழும் மறித்து நடுவிலே ஒரு சாளரத்தைத் திறந்துவிடும் வடிவு சிறந்தது. சாளரத்தின் அகலத்தைக் குறைக்கத் திறன் ஏறும். கூட்ட வலு ஏறும். உச்ச வலுவிலே ஓர் இலத்திரன் வாய்க்கால் எவ்வளவு தரவல்லது என்பதற்கும் இயற்கை ஓர் எல்லை வகுத்துள்ளது. அவ்வெல்லை வெப்பநிலை வேறுபாட்டின் வர்க்கத்தோடு ஏறுவது, பொருளைப் பொறுத்ததன்று, போல்சுமான் மாறிலியும் பிளாங்கின் மாறிலியுமே அதில் வருவன. வேறுபாடு 100 பாகையாயின் ஒரு வாய்க்காலுக்கு ஏறத்தாழ 0.9 நனோ உவாற்று. ஒரு உவாற்று வேண்டுமெனின் நூற்றுப் பத்துக் கோடி வாய்க்கால்கள் வேண்டும். இஃது அச்சுறுத்தும் எண்ணாகத் தோன்றினும், ஒவ்வொன்றுக்கும் பத்து நனோமீற்றர் பக்கமுள்ள சதுரத்தை ஒதுக்கினால், அத்தனையும் சதுர மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கில் அடங்கிவிடும். உண்மையான இடர் வேறு. அந்நிலையில் திறன் கார்னோ எல்லையின் பாதியிலும் குறைவே ஆதலின், ஒரு உவாற்று மின்னுக்கு எட்டு உவாற்றுக்கு மேற்பட்ட வெப்பத்தை அச்சிறு பரப்பினூடே செலுத்தவும், எஞ்சியதை மறுபுறத்தில் அகற்றவும் வேண்டும். போனன்கள் சுமந்து செல்லும் வெப்பம் இக்கணக்கிற் சேரவில்லை.

இதுகாறும் கூறியவை மீள்தன்மைச் சிதறலையே கருதின. கருவிக்குள் இலத்திரன் தன் சக்தியை இழக்கவும் பெறவும் தொடங்கினால் கணக்கு மாறுகின்றது. உயர்ந்த சக்தியோடு தடையைத் தாண்டிய இலத்திரன், சிறிது தூரம் சென்றதும் போனன்களை வெளிவிட்டுச் சாதாரண நிலைக்கு இறங்கிவிடும். தெரிவு செய்ததன் பயன் அத்தூரத்தோடு முடியும். ஆதலாற் தடைகளை அடுக்கடுக்காக அமைக்கவேண்டும். அவற்றை மிக நெருக்கினால், இலத்திரன்கள் இடையில் மீண்டும் கலந்து புதுவிநியோகம் பெறுதற்கு நேரமின்றி, பல தடைகளும் ஒரே தடையின் பயனையே தரும். மிக விலக்கினால், இடைப்பட்ட பகுதி தடையில்லாப் பொருளேயாகும். சக்தியிழப்புத் தூரத்தை ஒத்த இடைவெளியே தக்கது. அறை வெப்பநிலையிற் பல குறைகடத்திகளுக்கு அது நனோமீற்றர்க் கணக்கிலேயே அமைவதால், இவ்வேலை நனோமீற்றர்க் கலைஞரின் கைக்கே உரியதாயிற்று.

மீள்தன்மையற்ற சிதறல் எப்போதும் கேடே செய்யும் என்பதும் சரியன்று. 2011 இல் சாஞ்செசும் பியூற்றிக்கரும் மூன்று முனைகளையுடைய கருவி ஒன்றைக் கணித்துக் காட்டினர். அதிலே மின்னோட்டம் இரண்டு குளிர்ந்த முனைகளுக்கிடையே பாயும். மூன்றாம் முனை சூடானது. அதிலிருந்து இலத்திரன் எதுவும் வெளியேறாது, சக்தி மட்டும் வரும். ஒரு முனையிலிருந்து தாழ்ந்த சக்தியிற் புகுந்த இலத்திரன், சூடான முனையிலிருந்து ஒரு பங்கு சக்தியைப் பெற்று, உயர்ந்த சக்தியில் மறுமுனை வழியே வெளியேறும். இங்கே சக்தி மாற்றமே கருவியின் உயிர். அது நிகழாவிடின் ஓட்டமே இல்லை. 2015 இல் யேர்மனி நாட்டு வூர்சுபேர்க்கு நகரில் இத்தகைய கருவி ஆக்கப்பட்டு இயங்கியது. வெப்பம் ஒரு வழி, மின் ஒரு வழி என இரண்டையும் பிரித்துவிடுவதால், பழைய முடிச்சு இங்கே ஓரளவு தளர்கின்றது.

இலத்திரனும் இலத்திரனும் தம்முள் மோதுதல் மற்றொரு வகை. அம்மோதலில் மொத்த உந்தம் மாறாமையால் மின்னோட்டம் நேரடியாகக் குறைவதில்லை. ஆனால் வெப்பவோட்டம் மாறுபடும். விடமன்-பிரான்சு விகிதம் இதனாற் குலையலாம். வனேடியம் ஈரொட்சைட்டில், அது உலோக நிலைக்கு மாறும் வெப்பநிலையை அடுத்து, இலத்திரன்கள் சுமக்கும் வெப்பம் அவ்விகிதம் கூறுவதிற் பத்திலொரு பங்களவே என 2017 இல் அளந்தறிந்தனர். கிராபீனிலோ, 2016 இல் வெளிவந்த அளவீட்டின்படி, குறித்த ஒரு நிலையில் விகிதம் பத்து மடங்குக்கு மேல் ஏறிற்று. ஒன்று வெப்பமின்னுக்கு நன்மை, மற்றது தீமை. இவற்றைக் கருவிகளில் எவ்வாறு வசப்படுத்துவது என்பது இன்னும் ஆராய்ச்சிக்குரியதே.

லுண்ட் நகரத்துக் கருவி இயங்கியது தனிவெப்பநிலைப் பூச்சியத்துக்கு மேல் ஒரு கெல்வினை ஒட்டிய குளிரிலே என்பதை மறத்தலாகாது. அறை வெப்பநிலையில் வெப்பச் சக்தி ஏறத்தாழ 0.026 இலத்திரன் உவோற்று. ஒரு சக்திநிலையைத் தனித்துப் பயன்படுத்தவேண்டுமாயின், அடுத்த நிலை அதனினின்றும் இதன் பல மடங்கு விலகியிருத்தல் வேண்டும். அதற்கு அடைக்கும் புள்ளி சில நனோமீற்றராகச் சுருங்கவேண்டும். மூலக்கூறுகள் இயல்பாகவே அவ்வளவினவாதலின் ஆராய்ச்சியாளர் அவற்றை நாடினர். பேர்க்கிலியில் 2007 இல், பென்சீன் ஈர்தயோல் என்னும் மூலக்கூறு ஒன்றைப் பொன்முனைகளுக்கிடையே பிடித்து அளந்தபோது, பாகைக்கு 8.7 மைக்கிரோ உவோற்று அழுத்தம் பெறப்பட்டது. அது சிறிய அளவே. பொன்னின் பெர்மி மட்டம் அம்மூலக்கூறின் சக்திநிலைகளினின்றும் வெகுதூரத்தில் நிற்பதால், கடந்துசெல் நிகழ்தகவு அங்கே மெல்லவே மாறுகின்றது. வேறு தொகுதிகளை மூலக்கூறில் இணைத்து ஒரு சக்திநிலையைப் பொன்னின் மட்டத்தருகே நகர்த்துதல், அல்லது மூலக்கூறினூடே செல்லும் இரு அலைவழிகள் குறித்த ஒரு சக்தியில் ஒன்றையொன்று அழிக்குமாறு அமைத்து நிகழ்தகவைச் செங்குத்தாக வீழச் செய்தல் என்னும் இருவழிகளில் இரசாயனர் முயன்று வருகின்றனர்.